எங்க ஊராட்சியை மாநகராட்சியோட சேர்த்தா நல்லதா?

3 ஆகஸ்ட் 2025 – கேள்வி

பாளையங்கோட்டை ஒன்றியத்துல, மாநகராட்சி எல்லையை ஒட்டுன ஊரு எங்களுது. சுத்துப்பட்டு ஊராட்சிகளை மாநகராட்சியோட சேர்க்கப் போறாங்கன்னு டீக்கடையில தினமும் இதே பேச்சு. சேர்க்கட்டும்ங்கிறதுதான் என் கட்சி. ஒரு தெருவிளக்கு எரியலைன்னா மாத்தப் பதினஞ்சு நாள் ஆகுற ஊராட்சியால என்ன பிரயோசனம்? எங்க அப்பா வேண்டவே வேண்டாம்ங்காவ. இதுல வீட்டுல நாங்க ரெண்டு பேரும் நாலு நாளா முகம் கொடுத்துப் பேசல. விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

3 ஆகஸ்ட், ராத்திரி

சேர வேண்டாம் தம்பி. அப்பா சொல்றதுதான் சரி. நான் மானூர் ஒன்றியத்துல மூணு ஊராட்சியில எழுத்தரா இருந்தவன். 1993ல சேர்ந்தேன், 2020ல ஓய்வு. கடைசியில பதவிப் பேரு செயலர்னு மாறுச்சு, பார்த்த வேலை அதேதான். காரணத்தை நாளைக்கு எழுதுறேன்.

4 ஆகஸ்ட்

முதல்ல தலைக்கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி திருநெல்வேலி மாநகராட்சியில 4,73,637 பேர். வார்டு 55. வகுத்துப் பாரு, ஒரு கவுன்சிலருக்கு எட்டாயிரத்து அறுநூறு பேர் வருது. உங்க ஊர்ல மூவாயிரம் பேர்னு வச்சுக்கோ. இன்னைக்குத் தலைவர் ஒருத்தர், வார்டு உறுப்பினர் ஒன்பது பேர், ஆகப் பத்துப் பேர் உங்க தெருவுலயே நடமாடுறாங்க. கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல, ரேஷன் கடை வரிசையில பிடிச்சு நிறுத்திக் கேட்கலாம். சேர்ந்த பிறகு உங்க ஊரு ஒரு வார்டுல மூணுல ஒரு பங்கு. கவுன்சிலர் பக்கத்து ஊர்க்காரரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது நூறு நாள் வேலை. அது கிராம ஊராட்சிக்கு மட்டும். மாநகராட்சி எல்லைக்குள்ள வந்த அன்னைக்கே அட்டை செல்லாது. 2025ல ஒரு நாளைக்கு 336 ரூபாய். முழுசா நூறு நாள் கிடைக்கலை, சம்பளம் மாசக்கணக்கா இழுக்குதுன்னு ஆயிரம் குறை சொல்லலாம். ஆனா அறுபது வயசு தாண்டுன ஒரு பொம்பளைக்கு வேற யாரும் வேலை கொடுக்க மாட்டாங்க. எங்க ஊர்ல அந்தக் காசுலதான் பல வீட்டுல மாத்திரை வாங்குறாங்க.

வரி. ஊராட்சியில வீட்டு வரி வருஷத்துக்கு ஒரு தடவை. மாநகராட்சியில அரையாண்டுக்கு ஒரு தடவை, தொகையும் வேற. குடிநீருக்கு வைப்புத்தொகை, பாதாளச் சாக்கடை இணைப்புக்கு வைப்புத்தொகை, குப்பைக்குக் கட்டணம் எல்லாம் தனித்தனி.

கடைசியா, என் மனசுக்கு இதுதான் பெருசு: கிராம சபை. வருஷத்துக்கு நாலு தடவை, வாக்காளர் பட்டியல்ல பேரு உள்ள எவனும் எழுந்து நின்னு கேள்வி கேட்கலாம். உத்திரமேரூர் காலத்துல இருந்து நாம வச்சிருக்கிற உரிமை. அதைக் கொண்டுபோய்த் தொலைக்கலாமா?

5 ஆகஸ்ட்

நேத்து எழுதுனதுல ரெண்டு திருத்தம். கிராம சபை இப்போ ஆறு தடவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 பழசு. மார்ச் 22ம் நவம்பர் 1ம் 2022ல அறிவிச்சுச் சேர்த்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்ததால பழைய கணக்கே வாயில வந்துருச்சு. இன்னொண்ணு, மாநகராட்சிக்கும் பகுதி சபைன்னு ஒண்ணு 2022ல வந்திருக்கு, கவுன்சிலர் தலைமையில. சபையே இருக்காதுங்கிற மாதிரி நான் எழுதுனது தப்பு. அது எப்படி நடக்குதுன்னு மாநகராட்சிக்குள்ள தச்சநல்லூர்ல இருக்கிற என் தங்கச்சிகிட்டக் கேட்டுட்டு எழுதுறேன்.

6 ஆகஸ்ட்

தெருவிளக்குக்குப் பதினஞ்சு நாள் ஆகுதுன்னு நீ கேட்ட கேள்வியைத் தாண்டிப் போயிட்டேன். அதுக்குப் பதில் சொல்லாம மத்ததைப் பேசுறது முறையில்ல.

கம்பம் மின்வாரியத்துது. பல்பு ஊராட்சியது. கம்பத்துல ஏறணும்னா மின்சாரத்தை நிறுத்தணும், அதுக்கு வயர்மேன் வரணும், அவருக்கு ஏழெட்டு ஊரு. பல்பு வாங்க தலைவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் பத்தாது, துணைத் தலைவரும் சேர்ந்து போடணும். ரெண்டு பேருக்கும் தேர்தல்ல ஆரம்பிச்ச பகை இருந்தா, அன்னையோட அந்த ஊராட்சி நின்னுச்சு. நான் வேலை பார்த்த ஒரு ஊர்ல அஞ்சு மாசம் துணைத் தலைவர் கையெழுத்துப் போடல. குப்பை அள்ளுன ரெண்டு அம்மாவும் அஞ்சு மாசம் சம்பளம் இல்லாமலே அள்ளுனாங்க. தினம் காலையில தள்ளுவண்டியை அலுவலக வாசல்ல விட்டுட்டு, "ஐயா, இன்னைக்காவது போட்டாவளா?"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. என்கிட்ட பதில் இருந்ததே இல்ல. இப்போ காசோலைக்குப் பதிலா கணினி வழியா நடக்குது. ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கணும்ங்கிறது மாறல.

அப்புறம் காசு. மாநில அரசு தன் சொந்த வரி வருவாய்ல பத்து சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும்ங்கிறது நிதி ஆணையக் கணக்கு. நான் வேலையில இருந்த காலத்து அஞ்சாவது மாநில நிதி ஆணையக் கணக்குல கிராமப் பக்கம் 56, நகரப் பக்கம் 44. கிராமப் பக்கத்துக் காசை மறுபடி மாவட்ட ஊராட்சிக்கு 8, ஒன்றியத்துக்கு 37, கிராம ஊராட்சிக்கு 55னு பிரிச்சாங்க. காகிதத்துல பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஊராட்சிக்கு வந்து சேர்ந்ததும் முதல் ஆளா நிக்கிறது கரண்ட் பில். அடுத்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கான தண்ணிக் காசு. அதுக்கப்புறம் தொட்டி இயக்குறவர் சம்பளம். மிச்சம் இருக்கிறதுலதான் உன் பல்பு. மத்திய அரசோட பதினஞ்சாவது நிதி ஆணையத்துக் காசுலயும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டி வச்சது, அதை எடுத்து வேற எதுக்கும் தொட முடியாது.

ஊராட்சி மேல நீ கோபப்படுறது நியாயம். அது கை கால் கட்டிப்போட்ட ஆளு மேல படுற கோபம்ங்கிறதையும் தெரிஞ்சுக்கோ.

6 ஆகஸ்ட், சாயங்காலம்

ஒருத்தர் கேட்டிருக்கார்: ஊராட்சிக்கு 29 அதிகாரம் கொடுத்திருக்குன்னு படிச்சேனே, அது எங்க? 1992ல செஞ்ச 73வது திருத்தத்தோட பதினொன்றாம் அட்டவணையில 29 துறைகள் இருக்கு. விவசாயம், சிறுபாசனம், ஆரம்பக் கல்வி எல்லாம். ஆனா அரசியல் சட்டம் சொல்றது, மாநிலம் கொடுக்கலாம்னுதான். கொடுத்தே ஆகணும்னு இல்ல.

எங்க ஊரு பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கோங்க. வாசல் பலகையில ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. வாத்தியாருக்குச் சம்பளம் கல்வித்துறை. ஓடு உடைஞ்சா மாத்துறது ஒன்றியம். அதே சுவத்துக்குள்ள இருக்கிற அங்கன்வாடிக்கு வேற துறை. கழிப்பறை கழுவ ஊராட்சி அனுப்புற ஆளு. பிள்ளைக்கு ஒரு தகப்பன்தான் இருக்கணும். இங்க நாலு பேரு.

8 ஆகஸ்ட்

குளத்தைப் பத்தி எழுதாம இந்தப் பேச்சு முழுசாகாது. நம்ம சீமையில ஊருன்னா குளம், குளம்னா ஊரு.

குளத்துத் தண்ணி பாயுற ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா அது பொதுப்பணித்துறைக் குளம். இப்போ நீர்வளத்துறைங்கிறாங்க, ஊர்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல. அதுக்குக் கீழ இருந்தா ஒன்றியக் குளம். ரெண்டுலயும் கிராம ஊராட்சிக்கு நேரடிப் பிடி கிடையாது. கரம்பை மண்ணு அள்ளணும்னா வருவாய்த்துறை, கனிமவளம்னு அலையணும். மடை பழுதுன்னா ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடணும்.

எங்க பக்கம் தாமிரபரணித் தண்ணி கிடையாது. சித்தாத்துத் தண்ணி கால்வாய் வழியா மானூர்ப் பெரிய குளத்துக்கு வரணும். குளத்துல இருந்து குளத்துக்கு மறுகால் விழுந்து விழுந்து வர்ற தண்ணி. மேல ஒரு குளத்துல மிச்சத் தண்ணி வழியுற கலிங்கை ஒரு சாண் உயர்த்திட்டாப் போச்சு, கீழ மூணு ஊரு காய்ஞ்சுரும். இதை எந்த ஒரு ஊராட்சியும் தனியாத் தீர்க்க முடியாது. நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது நீர்பாய்ச்சி ஒருத்தர் இருந்தாரு. தோள்ல மண்வெட்டியோட ராத்திரி ரெண்டு மணிக்கும் கரையில நடப்பாரு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகைங்கிறதை அவர் மனசுலயே வச்சிருப்பாரு. அறுப்புக்கு அறுப்பு ஊரு சேர்ந்து அவருக்கு நெல்லு அளக்கும். அவர் செத்த பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரல. எந்தத் துறையிலயும் அப்படி ஒரு பணியிடமே இல்ல.

உங்க பக்கம் பாளையங்கால்வாய் பாயுது. ஊரு மாநகராட்சி ஆன பிறகு, அந்தத் தண்ணியில விளையுற குளத்துப் பாசனத்துக்கு யாரு முன்னுக்கு நிப்பாங்கன்னு கேளு. பாசனம்ங்கிறது மாநகராட்சி வேலையே இல்ல. கால்வாய் ஊருக்குள்ள நுழைஞ்சு சாக்கடையா வெளிய வர்றதைத்தான் பாளையிலயும் மேலப்பாளையத்துலயும் இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கோம்.

10 ஆகஸ்ட்

இன்னொரு திருத்தம், சந்தோஷமா எழுதுறேன். 4ஆம் தேதி உத்திரமேரூர்னு எழுதினேன். அது முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. அதுக்கும் நூத்துச் சொச்சம் வருஷம் முந்தியது என் மானூர்! எங்க ஊர்ச் சிவன் கோயில்ல மாறஞ்சடையன்ங்கிற பாண்டியனோட முப்பத்தஞ்சாவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு. ஏறக்குறைய கி.பி. 800. மகாசபையில யாரு உட்காரலாம், எப்படி நடந்துக்கணும்னு ஊரே கூடி எழுதி வச்ச விதி அது. நிலப் பங்கு இருக்கணும், தருமநூல் படிச்சிருக்கணும், நல்ல ஒழுக்கம் இருக்கணும். அதுக்கு மேல ஒண்ணு: எந்தக் காரியம் வந்தாலும் இல்ல இல்லன்னு மறுத்துக் குறுக்கே நிக்கிறவனுக்கு அஞ்சு காசு தண்டம்.

இருபத்தேழு வருஷம் அந்த ஒன்றியத்துலயே சம்பளம் வாங்குனேன். அந்தக் கல்லை நின்னு பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, திருநீறு அப்பி, எழுத்து எது, உளி தெறிச்சது எதுன்னு பிரிக்க முடியல. விரலால தடவித்தான் வட்டெழுத்தோட சுழியை உணர்ந்தேன். என்னால ஒரு வரி வாசிக்க முடியல. ஆனா கையை எடுக்க மனசு வரல. அஞ்சு மாசம் கையெழுத்துப் போடாத துணைத் தலைவர் ஞாபகம்தான் வந்துச்சு.

10 ஆகஸ்ட், பின்னொட்டு

அந்தச் சபையைப் புகழ்ந்துட்டு மட்டும் விட்டா நான் நேர்மையா எழுதலைன்னு ஆகும். அது பிராமண நிலக்காரங்க சபை. உழுதவனுக்கு அதுல இடம் இல்ல. பொம்பளைக்கு இல்ல. என் பாட்டன் அங்க வாசல்ல கூட நின்னிருக்க முடியாது.

இன்னைக்குத் தமிழ்நாட்டுல பாதி இடம் பெண்களுக்கு, 2016ல 33 சதவீதத்தை 50 ஆக்குனாங்க. பட்டியல் சாதிக்குத் தனி ஒதுக்கீடு. ஆனா நாற்காலி கிடைச்சுட்டா போதுமா? எங்க மானூர் ஒன்றியத்துலயே, தாழையூத்து ஊராட்சித் தலைவியா இருந்த கிருஷ்ணவேணியை 2011 ஜூன்ல வெட்டுனாங்க. உயிர் பிழைச்சு வந்தாங்க. அருந்ததியர் சமூகத்துப் பெண், ஊராட்சியை நல்லா நடத்துனவங்க. அந்த வாரம் ஒன்றியக் கூட்டத்துக்குப் போனப்போ வழக்கமா வர்ற தலைவிகள்ல பாதிப் பேர் வரல. வந்தவங்க வீட்டு ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. கிராமம்னா நம்ம ஆளு, நகரம்னா அந்நியம்னு பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசணும். சில பேருக்கு அவங்க ஊரே அந்நியம்தான்.

12 ஆகஸ்ட்

தங்கச்சிகிட்டப் பேசினேன். இப்போ எனக்கு முன்ன மாதிரி உறுதி இல்ல.

1994ல மாநகராட்சி வந்தப்போ திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளோட தச்சநல்லூரையும் சுத்துக் கிராமங்களையும் சேர்த்தாங்க. அவ வாக்கப்பட்ட ஊர் அப்படிச் சேர்ந்ததுதான். சொன்னா: "அண்ணே, சேர்ந்து ரொம்ப வருஷம் ஒண்ணுமே வரல. வரி மட்டும்தான் வந்துச்சு. ஆனா பின்னால வீட்டுக்குள்ள குழாய் வந்துச்சு. சின்னவளுக்கு பேறுகாலத்துக்கு நடந்து போற தூரத்துல ஆஸ்பத்திரி வந்துச்சு. முன்னால யாரு வீட்டு அடிபம்புல யாரு தண்ணி எடுக்கலாம்னு ஒரு சட்டம் இருந்துச்சுல்லா, அது போச்சு. அதுக்காகவே நான் வரி கட்டுவேன்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்கிட்ட மறுபேச்சு இல்ல. ஊராட்சியில குழாய் திறக்கிறவன் முதல்ல எந்தத் தெருவுக்குத் திறப்பான், கடைசியில எந்தத் தெருவுக்குத் திறப்பான்னு எனக்குத் தெரியும். காலை அஞ்சு மணிக்குத் தொட்டியடியில வால்வைத் திருகுற சத்தம் கேட்டதும் மேலத்தெருவுல குடம் நிறையும். தெற்குத் தெருவுக்கு வரும்போது காத்துதான் வரும். வால்வை மாத்தி வைக்கச் சொல்லி நான் சொல்லியிருக்கேன். ஒரு வாரம் நடக்கும், மறுபடி பழையபடி ஆயிரும்.

பகுதி சபை பத்திக் கேட்டேன். அவ தெருவுல அப்படி ஒண்ணு நடந்ததே அவளுக்குத் தெரியாது.

ஆகவே "சேர வேண்டாம்"னு முதல் நாள் ராத்திரி நான் பட்டுன்னு எழுதுனதைத் திருப்பி வாங்கிக்கிறேன். "அப்பா சொல்றதுதான் சரி"ங்கிறதையும். உங்க அப்பாகிட்டப் பேசு தம்பி. நாலு நாள் இப்போ பத்துப் பன்னெண்டு நாள் ஆகியிருக்கும்.

13 ஆகஸ்ட்

நாளை மறுநாள் கிராம சபை. உங்க ஊர்லயும் 11 மணிக்கு நடக்கும். போ. அதுக்கு முன்னால நான் ஒரு விஷயம் சொல்லணும், சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு.

தீர்மானப் புத்தகம்னு ஒண்ணு உண்டு. நீள நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டது. கூட்டம் முடிஞ்சதும் அதுல கையெழுத்து வாங்கணும். என் முதல் ஊராட்சியில தலைவர் சொன்னாரு: "கடைசித் தீர்மானத்துக்குக் கீழ நாலு விரக்கடை இடம் விட்டு வாங்கும்வே." விட்டேன். அப்போ எனக்கு வேலை நிரந்தரம் ஆகாத காலம். ஒரு வாரம் கழிச்சு அந்த நாலு விரக்கடையில, குளத்துக்குள்ள நின்ன கருவேல மரங்களை ஏலம் விட ஊரே சம்மதிச்சதா ஒரு தீர்மானத்தை என் கையாலயே எழுதினேன். ரம்பம் வந்து மரம் விழுற சத்தம் கேட்டுத்தான் ஊருக்கே தெரியும். ஒரு ஆச்சி அலுவலகத்துக்கு வந்து நோட்டை எடுக்கச் சொன்னா. எழுதப் படிக்கத் தெரியாது. ஊதா மைப் பெருவிரல் ரேகையை மட்டும் தேடிக் கண்டுபிடிச்சு, அது மேல விரலை வச்சு, "இது என் நாட்டு. இதுக்கு மேல நீ என்னத்தய்யா எழுதுன?"ன்னு கேட்டா.

அவகிட்ட நான் வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டா. அதுக்கப்புறம் நான் இருந்த எந்த ஊர்லயும் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவுல இடம் விட்டதில்ல. அளவுகோல் வச்சுக் கோடு இழுத்துட்டுத்தான் பேனாவைக் கொடுப்பேன். அதுக்காக ரெண்டு தடவை என்னை வேற ஊராட்சிக்கு மாத்துனாங்க.

அதனால போனா மூணு காரியம் செய். வருகைப் பதிவேட்டுல எத்தனை பேர்னு எண்ணு. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர் வேணும், மூவாயிரம் வரைக்கும் 100, பத்தாயிரம் வரைக்கும் 200, அதுக்கு மேல 300. எண்ணிக்கை சேரலைன்னா அது சபையே இல்ல, நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க விடாதே. ரெண்டாவது, தீர்மானத்தை எழுதுன பிறகு சத்தமா வாசிக்கச் சொல்லு. மூணாவது, கோடு போடச் சொல்லு.

என்ன கேட்கணும்னு நீ தனியா எழுதியிருந்தியே, அதுக்குப் பதில்: சேர், சேராதேன்னு தீர்மானம் போடாதீங்க. அது அரசாங்கத்தைக் கட்டாது. சேர்க்கிறதுக்கு முன்னால, நூறு நாள் அட்டைக்காரங்க எத்தனை பேர், அவங்களுக்கு மாற்று என்ன, வீட்டு வரி எந்த வீட்டுக்கு எவ்வளவு ஆகும், குடிநீர் எந்த வருஷத்துல வரும், குளத்துக்கும் கால்வாய்க்கும் யாரு பொறுப்பு, இதையெல்லாம் எழுத்துல கொடுத்து ஊர்ல வச்சு வாசிக்கணும்னு கேளுங்க. கெசட்டுல அறிவிச்சு ஆட்சேபணை கேட்கும்போது அந்தத் தீர்மானம் உங்க கையில இருக்கட்டும்.

15 ஆகஸ்ட், ராத்திரி

எங்க ஊர்ல வேப்பமரத்தடியில நடந்துச்சு. நாற்காலி இருபது, மத்தவங்க தரையில. ஒன்றியத்துல இருந்து வந்த பற்றாளர் அறிக்கையை வாசிச்சார். வரவு செலவை வாசிக்கும்போது சத்தம் குறைஞ்சுச்சு, நான் எழுந்து கொஞ்சம் சத்தமா வாசிங்கன்னு கேட்டேன், வாசிச்சார். தெற்குத் தெருவுல இருந்து ஒரு பொண்ணு, கல்லூரி முடிச்சவ, வால்வு எந்த நேரத்துக்கு எந்தத் தெருவுக்குத் திறக்கிறாங்கன்னு பலகையில எழுதி வைக்கணும்னு கேட்டா. தலைவர் சரின்னார். இருபத்தேழு வருஷத்துல எனக்குத் தோணாத யோசனை.

தம்பி, உன் ஊர்ல என்ன ஆச்சு?

16 ஆகஸ்ட்

தம்பி பதில் எழுதியிருக்கான். 140 பேர் வந்திருக்காங்க, கேட்டதை எல்லாம் கேட்டிருக்கான். தீர்மானம் அப்புறமா எழுதிக்கிடலாம்னு சொல்லிக் கையெழுத்து கேட்டிருக்காங்க. இவங்க போடாம உட்கார்ந்துட்டாங்களாம். கடைசியில எழுதினாங்களா இல்லையான்னு கூட்டத்துல தெரியல, நகல் கேட்டு மனு கொடுத்திருக்கேன்ங்கிறான். நல்லது செஞ்ச.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நமக்கு இன்னும் மனுக் கொடுக்கவும் தலைவர் இருக்காரு. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துல கருங்குளம், ஸ்ரீவைகுண்டம் ஒன்றியங்கள்ல 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சு, தனி அலுவலர் ஆட்சி. அவங்க 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டவங்க. தென்காசி பிரிஞ்சதால நம்ம மாவட்டத்துல தேர்தல் தள்ளிப்போய் 2021 அக்டோபர்ல நடந்துச்சு, அதனால நமக்கு 2026 அக்டோபர் வரை இருக்கு. 2016ல இருந்து 2021 வரை அஞ்சு வருஷம் நமக்கும் யாரும் இல்லாம இருந்துச்சே, அதுல 2020 வரை நான் வேலையில இருந்தேன். வட்டார வளர்ச்சி அலுவலர்தான் ஒன்றியத்துல இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் தனி அலுவலர். கெட்டவர் இல்ல, ராப்பகலா உழைச்சவர். ஆனா மோட்டார் எரிஞ்சு தண்ணி இல்லாத வீட்டுப் பொம்பளை அவரை எங்க போய்ப் பார்ப்பா? என்னைத்தான் வந்து வஞ்சா. வையட்டும், வைய ஒரு ஆளாவது இருந்தேன்.

20 ஆகஸ்ட்

கேரளாவுல மட்டும் எப்படி நடக்குதுன்னு கேட்டவருக்கு: புளியரை தாண்டி ஆரியங்காவுல எங்க மச்சான் இருக்காரு. அங்க பஞ்சாயத்து அலுவலகத்தைப் பார்த்துட்டு நான் கொஞ்ச நேரம் பேசாம நின்னேன். கிருஷி பவன்ல விவசாய அதிகாரி, தனிப் பொறியாளர், ஆஸ்பத்திரி, மாட்டாஸ்பத்திரி எல்லாம் பஞ்சாயத்துப் பொறுப்புல. 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, மாநிலத் திட்டக் காசுல 35ல இருந்து 40 சதவீதத்தை உள்ளாட்சிக்கு விட்டாங்க.

ஆனா இதையும் பாருங்க. அங்க கிராமப் பஞ்சாயத்து மொத்தம் 941. நமக்குப் பன்னெண்டாயிரத்துக்கு மேல. அங்க ஒரு பஞ்சாயத்துக்குச் சராசரியா இருபத்தஞ்சாயிரம் பேருக்கு மேல, நமக்கு மூவாயிரம். மூவாயிரம் பேருக்கு ஒரு பொறியாளரை வைக்க முடியாது. இருபத்தஞ்சாயிரம் பேரை ஒரு வேப்பமரத்தடியில உட்கார வைக்கவும் முடியாது. எங்க மச்சான் தன் பஞ்சாயத்துத் தலைவரை நேர்ல பார்த்தது ரெண்டே தடவைங்கிறாரு. எது வேணும்னு என்னைக் கேட்டா, ஊராட்சி சின்னதாவே இருக்கட்டும், அஞ்சாறு ஊராட்சிக்குச் சேர்த்து ஒரு பொறியாளரும் கணக்கரும் ஊராட்சிகளுக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கட்டும்ங்கேன். இப்போ அவங்க ஒன்றியத்துக்குப் பதில் சொல்றாங்க.

1 செப்டம்பர்

இன்னைக்குத் திருநெல்வேலி மாவட்டம் பிறந்த நாள். 1790 செப்டம்பர் 1. அதுல இருந்து 1986ல தூத்துக்குடி பிரிஞ்சுச்சு, 2019 நவம்பர் 22ல தென்காசி. மிச்சம் 9 ஒன்றியம், 204 ஊராட்சி. இப்போ வள்ளியூர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் எங்களையும் பிரிச்சாத்தான் முன்னேறுவோம்னு எழுதியிருக்கார். சிவகிரிக்காரன் ஒரு கையெழுத்துக்காகப் பஸ் ஏறிக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு வந்து, அதிகாரி இல்லைன்னு திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கேன். அவனுக்குத் தென்காசி கிட்ட வந்தது பெரிய காரியம்.

ஆனா ராதாபுரம் பக்கம் பாருங்க அண்ணாச்சி. கூடங்குளத்துல ஆயிரம் மெகாவாட் உலை ரெண்டு ஓடுது. மகேந்திரகிரியில ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறாங்க. பணகுடி, காவல்கிணறு முழுக்க காத்தாடி. நாட்டுக்கே வேண்டிய வேலை உங்க மண்ணுல நடக்குது, அதுல ஒண்ணையாவது உங்க ஊராட்சியில கேட்டு முடிவு செஞ்சாங்களா? மாவட்டத் திட்டக் குழுன்னு ஒண்ணு சட்டத்துல இருக்கு. மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். கிராமமும் நகரமும் சேர்ந்து தண்ணியை, நிலத்தைப் பங்கிட்டுத் திட்டம் போட வேண்டிய இடம் அதுதான். பாளையங்கால்வாயைப் பத்தியும் சித்தாத்து மறுகாலைப் பத்தியும் பேச வேண்டிய இடமும் அதுதான். எல்லைக் கோட்டை மாத்துறதுக்கு முன்னால அந்தக் குழுவை உட்கார வைக்கணும்னு கேளுங்க. இதை நான் முதல் நாளே எழுதியிருக்கணும்.

6 செப்டம்பர்

தம்பி நகல் வாங்கிட்டான். படம் அனுப்பியிருக்கான், பெருசாக்கிப் பார்த்தேன். பதினாலாவது தீர்மானம் அவங்களுது, நாங்க பேசுனபடியே இருக்கு. அட்டைதாரர் எண்ணிக்கை, வரி, குடிநீர், குளம், கால்வாய், அஞ்சும் இருக்கு. கையெழுத்து நல்லா இருக்கு, அந்த ஊரு செயலர் யாரோ தெரியல. தீர்மானத்தோட கடைசி வரிக்குக் கீழ அளவுகோல் வச்சு நீல மையில ஒரு கோடு. கோட்டை ஒட்டியே கையெழுத்து ஆரம்பம். மூணாவது கையெழுத்து அவன் அப்பாவோடதாம். நாலாவது அவனுது.